நியூட்ரலில் நன்றாக ஓடும், வளைவில் நின்றுவிடும்: சைடு ஸ்டாண்டு சுவிட்ச் கோளாறு, ஒரு நிகழ்வு ஆய்வு

வண்டி 2021 மாடல் பைக், 160 சிசி, பிஎஸ்6 (புகை மாசு விதி), ஃப்யூயல் இன்ஜெக்ஷன். 38 ஆயிரம் கிலோமீட்டரைத் தாண்டியிருந்தது. வண்டிக்காரர் போடியைச் சேர்ந்த இளைஞர். பூப்பாறைப் பக்கம் ஒரு ஏலக்காய் ஸ்டோரில் கணக்கு பார்க்கிறார். வாரம் முழுக்க போடிமெட்டு மலைப்பாதையில் ஏறி இறங்குகிறவர். புகார் ஒரே வரிதான்: ஓடிக்கொண்டிருக்கும்போதே இஞ்சின் அணைந்துவிடுகிறது.

தேனியில் இருக்கும் எங்கள் பட்டறைக்கு வருவதற்குள் இந்த வண்டிக்கு நிறையப் பணம் செலவாகிவிட்டது. பிளக் மாற்றியாயிற்று. த்ரோட்டில் பாடியைக் கழட்டிக் கழுவியாயிற்று. மழைக்காலம், பெட்ரோலில் தண்ணீர் இறங்கியிருக்கும் என்று டேங்கைக் காலி செய்து புதுப் பெட்ரோல் ஊற்றியாயிற்று. ஃப்யூயல் பம்பையும் மாற்றியிருக்கிறார்கள். கடைசியாகப் பார்த்தவர்கள், ஈசியு (இஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) போயிருக்கும் என்று சொல்லி ஒரு விலையும் சொல்லியிருக்கிறார்கள். அந்த விலையைக் கேட்ட பிறகுதான் எங்களிடம் வந்தார்.

இவர்களில் யாரும் வேலை தெரியாதவர்கள் இல்லை. ஒவ்வொரு இடத்திலும் வண்டியை ஸ்டார்ட் செய்து நிறுத்தி வைத்து, ஒரு மணி நேரம் ஓடவிட்டுப் பார்த்திருக்கிறார்கள். ஒரு தடவைகூட அணையவில்லை. அப்புறம் எதைச் சந்தேகிப்பது? வழக்கமாகச் சந்தேகிப்பதையெல்லாம் ஒவ்வொன்றாக மாற்றியிருக்கிறார்கள். ஆனால் அந்த ஒரு மணி நேரமும் வண்டி ஓடியது நியூட்ரலில். இந்தக் கோளாறு நியூட்ரலில் தலைகாட்டாது.

முதலில் கேள்விகள்

வந்து வந்து போகிற கோளாறு என்றால் நான் ஸ்பானரை எடுப்பதற்கு முன் வண்டிக்காரரிடம் உட்கார்ந்து பேசுவேன். அவர் கண்ணும் காதும் பார்த்ததை எந்த ஸ்கேனரும் பார்த்திருக்காது. கேள்வியைச் சரியாகக் கேட்டால் போதும்.

இஞ்சின் நின்றபோது மீட்டர் போர்டு எரிந்ததா, அதுவும் அணைந்ததா? எரிந்துகொண்டுதான் இருந்தது என்றார். அப்படியானால் சாவி சுவிட்ச், பேட்டரி முனை, மெயின் ஃபியூஸ் ஆகியவற்றின் மேல் சந்தேகம் பெரும்பாலும் விலகுகிறது. அவற்றில் லூஸ் கனெக்ஷன் இருந்தால் வண்டி மொத்தமாக இருண்டிருக்கும்.

இருமி, இழுத்து, மெல்ல நின்றதா, டக்கென்று நின்றதா? டக்கென்று, சாவியைத் திருப்பினது மாதிரி. பெட்ரோல் போதாமல் நிற்கும் வண்டி பெரும்பாலும் கொஞ்சம் திணறிக் காட்டிவிட்டுத்தான் நிற்கும். இப்படிச் சுத்தமாக அறுந்ததுபோல் நிற்பது கரண்ட் பக்கத்து வேலை.

மறுபடி ஸ்டார்ட் செய்ய சாவியை அணைத்துப் போட வேண்டியிருந்ததா? இல்லை. இதைக் கேட்டதற்குக் காரணம் உண்டு. வண்டி கீழே விழுந்தால் இஞ்சினை அணைக்க ஒரு சாய்வு சென்சார் இருக்கிறது. அது அணைத்திருந்தால் பெரும்பாலான வண்டிகளில் சாவியை ஒரு தடவை அணைத்துப் போட்டால்தான் திரும்ப உயிர் வரும்.

சரி, எப்படித்தான் ஸ்டார்ட் செய்தீர்கள்?

"கியர்லயே கிளட்ச் பிடிச்சு செல்ஃப் அடிச்சா சில நேரம் எடுக்காதுண்ணே. நியூட்ரலுக்கு வந்து அடிச்சா உடனே எடுத்துரும்" என்றார்.

இந்தப் பதில் ஒன்றிலேயே பாதி வேலை முடிந்துவிட்டது. பிளக்குக்கோ பம்புக்கோ வண்டி கியரில் இருக்கிறதா நியூட்ரலில் இருக்கிறதா என்பது தெரியாது. அந்த வேறுபாட்டைப் பார்க்கிற ஒரே ஏற்பாடு சைடு ஸ்டாண்டு, நியூட்ரல், கிளட்ச் ஆகிய மூன்று சுவிட்சுகளையும் சேர்த்துப் பார்க்கும் பாதுகாப்புச் சுற்றுதான்.

அந்தச் சுற்று எப்படி யோசிக்கிறது

பழைய கார்புரேட்டர் வண்டிகள் பலவற்றில் ஸ்டாண்டு போட்டிருந்தால் மீட்டரில் ஒரு விளக்கு எரியும், அவ்வளவுதான். சிலவற்றில் அதுவும் இல்லை. 2020 ஏப்ரலில் பிஎஸ்6 வந்ததையொட்டி வெளியான புது மாடல்களில் பல, ஸ்டாண்டு இறங்கியிருந்தால் இஞ்சினையே நிறுத்துகின்றன. ஸ்டாண்டை எடுக்காமல் கிளம்பி, இடது பக்கம் திரும்பும்போது அது தரையில் இடித்துத் தூக்கி எறிந்த விபத்துகளை நம் ஊரில் பார்க்காதவர் குறைவு. அதனால் இந்த ஏற்பாட்டை நான் முழுமனதாக ஆதரிக்கிறேன்.

கணக்கு எளிது. நியூட்ரலில் இருந்தால் ஸ்டாண்டு இறங்கியிருந்தாலும் பரவாயில்லை, இஞ்சின் ஓடலாம். கியரில் இருந்தால் ஸ்டாண்டு மேலே இருக்க வேண்டும். ஸ்டாண்டு கீழே இருந்து கியரும் விழுந்தால் ஈசியு உடனே இஞ்சினை நிறுத்தும். இது கியர் வண்டிக்கு, அதிலும் எல்லா மாடலும் ஒரே மாதிரி இல்லை. ஸ்கூட்டரில் நியூட்ரல் என்பதே கிடையாது, இந்த ஏற்பாடு உள்ள ஸ்கூட்டரில் ஸ்டாண்டு இறங்கினால் எப்போதும் இஞ்சின் அணைந்தே இருக்கும்.

இந்த வண்டியில் இருந்தது இரண்டு வயர் கொண்ட காந்த சுவிட்ச். ஸ்டாண்டின் தலையில் ஒரு சிறிய காந்தம், ஃபிரேமில் பொருத்திய கறுப்புப் பிளாஸ்டிக் டப்பிக்குள் சுவிட்ச். ஸ்டாண்டு மேலே போனால் காந்தம் சுவிட்சுக்கு நேராக வந்து நிற்கும், உள்ளே இருக்கும் இரண்டு மெல்லிய இதழ்களும் ஒட்டிக்கொள்ளும், சுற்று மூடும். இறங்கினால் இதழ்கள் பிரியும். அதாவது, சுற்று மூடியிருந்தால்தான் ஈசியு ஓட அனுமதிக்கும். வயர் அறுந்தாலும், கப்ளர் (வயர்களை இணைக்கும் சாக்கெட்) கழன்றாலும், சுவிட்ச் செத்தாலும் "ஸ்டாண்டு இறங்கியிருக்கிறது" என்றே அது எடுத்துக்கொள்ளும். பாதுகாப்புக்காக வேண்டுமென்றே அப்படி அமைத்திருக்கிறார்கள். பழுதானால் ஆபத்தில்லாத பக்கமாகப் பழுதாக வேண்டும் என்பது கணக்கு. ஆனால் மலைப்பாதையில் ஓடும்போது பழுதானால் அந்தப் பக்கமும் ஆபத்துதான்.

செக் இஞ்சின் விளக்கு ஏன் எரியவில்லை என்பதற்கும் இதுதான் விடை. ஸ்கேனரைப் போட்டுப் பார்த்தால் ஒரு எரர் கோடுகூட இல்லை. ஈசியுவைப் பொறுத்தவரை எந்தக் கோளாறும் நடக்கவில்லை. ஸ்டாண்டு இறங்கியது, அது அணைத்தது. கொடுத்த வேலையைச் சரியாகச் செய்ததை அது ஏன் குற்றமாகக் குறித்து வைக்கப் போகிறது? கோடு இல்லை என்பதை வைத்து "ஸ்கேனரிலேயே சிக்கவில்லை, அப்படியானால் ஈசியுவேதான்" என்று முடிவு கட்டியதுதான் முந்தைய இடத்தில் நடந்தது. இப்படிப்பட்ட கேஸ்களில் பார்க்க வேண்டியது ஸ்கேனரின் நேரடி அளவுகள் பக்கத்தை. அங்கே சைடு ஸ்டாண்டு மேலே, கீழே என்று நிலை காட்டும் வரி பல வண்டிகளில் இருக்கும்.

வளைவில் மட்டும் ஏன்?

வண்டிக்காரருக்கு ஒரு சந்தேகம் இருந்தது, நியாயமானதுதான். சமவெளியில் போடியிலிருந்து தேனி வரை வந்தால் பெரிதாகத் தெரிவதில்லை, மலையில் கொண்டை ஊசி வளைவுகளில்தான் அணைகிறது. போடிமெட்டு ஏற்றத்தில் 17 கொண்டை ஊசி வளைவுகள். இடது பக்கம் சாயும்போது ஸ்டாண்டு தானாக இறங்குகிறது என்பது அவர் கணிப்பு.

அப்படி நடப்பதில்லை. ஓடிக்கொண்டே சாய்ந்து திரும்பும் வண்டியில் நாம் சீட்டிலிருந்து பக்கவாட்டில் சரிவதில்லை. விசை வண்டியின் நடுக்கோட்டிலேயே கீழ்நோக்கி அழுத்துகிறது. ஸ்டாண்டுக்கும் அதே நிலைதான். அவரையே இன்னும் கொஞ்சம் கிளறியதில், வலது வளைவிலும் நின்றிருக்கிறது என்று ஞாபகம் வந்தது.

உண்மைக் காரணம் கிளட்ச். சுவிட்ச் ஒரு கணம் விட்டுப் பிடிப்பது சமவெளியிலும் நடந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் 50 கிலோமீட்டர் வேகத்தில் நான்காம் கியரில் போகும்போது பிளக்கின் தீப்பொறி ஒரு நொடி அறுந்தாலும், ஓடுகிற பின் சக்கரம் செயின் வழியாக இஞ்சினைச் சுற்றிக்கொண்டே இருக்கும். சுவிட்ச் திரும்ப ஒட்டியதும் இஞ்சின் பற்றிக்கொள்ளும். ஓட்டுபவருக்கு ஒரு சின்ன வெட்டு மட்டும் தெரியும். பள்ளத்தில் விழுந்த குலுக்கல் என்று நினைத்துக்கொள்வார். வளைவில் நிலைமை வேறு. வேகத்தைக் குறைத்து, ஆக்ஸிலேட்டரை முழுக்க விட்டு, கியரை இறக்கக் கிளட்சைப் பிடிக்கிறோம். இஞ்சினைச் சுற்றி வைக்க அப்போது யாரும் இல்லை. ஐடிலில் இருக்கும் இஞ்சினுக்குப் பொறி அரை நொடி அறுந்தால் போதும், நின்றுவிடும். கொண்டை ஊசி வளைவுகளின் உள்பக்கம் மழைத்தண்ணீர் அரித்துக் குண்டும் குழியுமாகக் கிடப்பதும் சேர்ந்துகொள்கிறது.

இதை விளக்கியதும் அவரே சொன்னார்: "ஆமாண்ணே, பள்ளத்துல இறங்கி ஏறும்போது ஒரு வெட்டு வெட்டும். செயின் லூசுனு நினைச்சேன்." செயினை இரண்டு தடவை டைட் வைத்திருக்கிறார்.

கோளாறை வரவழைப்பது

சந்தேகம் வேறு, நிரூபணம் வேறு. சுவிட்சை மாற்றிக் கொடுத்துவிட்டு "ஓட்டிப் பாருங்கள்" என்று அனுப்புவது எனக்குப் பிடிக்காது. ஏற்கெனவே அப்படித்தான் ஒவ்வொரு சாமானாக மாற்றி இவர் பணம் போயிருக்கிறது.

வண்டியைப் பேடாக் ஸ்டாண்டில் ஏற்றிப் பின் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கினோம். சைடு ஸ்டாண்டை மேலே மடக்கி, ஸ்டார்ட் செய்து, முதல் கியர் போட்டு கிளட்சை விட்டோம். சக்கரம் காற்றில் சுற்றுகிறது, இஞ்சின் ஐடிலில் ஓடுகிறது. ஒரு நீளமான மரக்குச்சியால் ஸ்டாண்டைக் கீழ்நோக்கி மெதுவாகத் தட்டினோம். மீட்டரில் சிவப்பு ஸ்டாண்டு விளக்கு மின்னியது, இஞ்சின் நின்றது. நியூட்ரலில் வைத்து அதே தட்டு தட்டினால் விளக்கு மட்டும் மின்னியது, இஞ்சின் பாட்டுக்கு ஓடியது.

ஒரு எச்சரிக்கை. நம் ஊர் வண்டிகளில் பெரும்பாலும் செயினும் சைடு ஸ்டாண்டும் இடது பக்கத்தில்தான் இருக்கின்றன. சக்கரம் சுற்றும்போது அந்தப் பக்கம் கையை நீட்டவே கூடாது. குச்சி நீளமாக இருக்கட்டும், சட்டைக் கையும் தொங்கக் கூடாது. இரண்டு ஆள் இருந்தால் மட்டும் இந்தச் சோதனையைச் செய்யுங்கள், ஒருவர் இஞ்சின் கட் சுவிட்சில் விரல் வைத்திருக்க வேண்டும்.

அடுத்து சாலைச் சோதனை. வயரிங் படத்தைப் பார்த்து, இது இரண்டு வயர், மேலே இருந்தால் மூடும் ரகம் என்று உறுதி செய்த பிறகு, சுவிட்சின் கப்ளரைப் பிரித்து வண்டிப் பக்கத்து இரண்டு முனைகளையும் ஒரு சின்ன வயரால் இணைத்தோம். ஈசியுவுக்கு இப்போது ஸ்டாண்டு எப்போதும் மேலேதான். அதனால் ஸ்டாண்டையே ஒரு ரப்பர் பட்டையால் ஃபிரேமோடு கட்டிவிட்டோம். அதைச் செய்யாமல் சாலையில் ஏற்றக் கூடாது. போடிமெட்டு வரை போய் வந்தது, ஒரு இடத்திலும் வெட்டவில்லை. அதோடு நிறுத்தாமல், வயரை எடுத்துவிட்டுப் பழையபடி கப்ளரை மாட்டி மறுபடி ஏறினோம். வண்டிக்காரரின் நண்பர் பின்னால் உட்கார்ந்து தோளுக்கு மேலாக மீட்டரையே பார்த்துக்கொண்டு வந்தார். வளைவுகள் தொடங்கியதும் சிவப்பு விளக்கு மின்னியது, கூடவே இஞ்சின் அணைந்தது. கோளாறை அகற்றி, திரும்ப வரவழைத்து, இரண்டையும் பார்த்த பிறகுதான் இது சைடு ஸ்டாண்டு சுற்று என்று கையெழுத்துப் போடலாம்.

மூன்று வயர் சுவிட்ச் உள்ள வண்டியில் இப்படிச் சேர்க்கவே கூடாது. அதில் பெரும்பாலும் ஒரு வயரில் சப்ளை, ஒன்று எர்த், ஒன்றுதான் சிக்னல். தவறான இரண்டைச் சேர்த்தால் ஃபியூஸ் போகலாம், ஈசியுவுக்கே கேடு வரலாம். அங்கே கப்ளரைப் பிரிக்காமல், சிக்னல் வயரில் வோல்டேஜ் எப்படி மாறுகிறது என்று மீட்டரால் பார்ப்பதுதான் முறை.

சுற்றில் எது?

சுற்று என்று தெரிந்தாலும் அதில் சுவிட்ச், வயர், கப்ளர், காந்தம், ஸ்டாண்டின் ஆட்டம் என்று பல சந்தேகப் பேர்வழிகள். கப்ளரைப் பார்த்தோம்: பின்கள் பளிச்சென்று இருந்தன, பச்சை பிடிக்கவில்லை. வயரை நீளத்துக்கும் வளைத்து வளைத்துப் பார்த்ததில் மாற்றமில்லை.

சுவிட்சில் மல்டிமீட்டரைக் கன்டினியூட்டியில் (சுற்று மூடியிருந்தால் பீப் அடிக்கும் நிலை) வைத்தால் மேலே பீப், கீழே அமைதி. புத்தகப்படி நல்ல சுவிட்ச். பல பேர் இந்த இடத்தில் ஏமாந்துவிடுகிறார்கள். பீப் சத்தம் மெதுவாக எழுந்து மெதுவாக அடங்கும். கண நேர அறுபடல் அதில் காணாமல் போகும். அதனால் ஒரு எல்இடி, ஒரு ரெசிஸ்டர், 9 வோல்ட் பேட்டரி இவற்றைச் சுவிட்சோடு தொடராக இணைத்து வைத்துக்கொண்டோம். காது தவறவிடுவதைக் கண் பிடித்துவிடும். ஸ்க்ரூ டிரைவரின் பிடியால் சுவிட்ச் டப்பியை லேசாகத் தட்டியதும் விளக்கு துடித்தது.

ஸ்டாண்டு ஆடியதால் துடித்ததா, சுவிட்சே துடித்ததா? பிரித்துப் பார்க்க, சுவிட்சைக் கழட்டி மேசையில் வைத்து, வேறொரு காந்தத்தை அதன் முகத்தில் ஒட்டிவிட்டுத் தட்டினோம். காந்தம் அசையவே இல்லை, ஆனாலும் விளக்கு துடித்தது. சுவிட்சுக்குள்ளேயே பழுது. வயர் டப்பிக்குள் நுழைகிற இடத்தில் அடைத்திருந்த எபாக்ஸி பசையில் முடி அளவு விரிசல், வயரை அசைத்தால் அது வாய் திறப்பது தெரிந்தது. மலை மழை, பிரஷர் வைத்து அடிக்கும் வாட்டர் வாஷ், இரண்டும் அந்த வழியாகத்தான் உள்ளே போயிருக்க வேண்டும்.

புதுச் சுவிட்சைப் பொருத்தியதும் வேலை முடிந்தது என்று நினைக்கத் தோன்றும். எல்இடியை மட்டும் கழட்டாமல் வைத்திருந்தோம். மேலே மடக்கிய ஸ்டாண்டை ஒரு விரலால் கீழே அழுத்தினால், ஒரு சென்டிமீட்டர்கூட இறங்குவதற்குள் விளக்கு அணைந்தது. பக்கத்தில் நின்ற அதே மாடல் வண்டியில் அதேபோல் அழுத்தினால், ஸ்டாண்டு நன்றாக இறங்கிய பிறகுதான் சுற்று பிரிந்தது. குனிந்து பார்த்தால் ஸ்டாண்டு சுழலும் பிவட் போல்டு ஒரு பக்கம் தேய்ந்து, ஸ்டாண்டு பக்கவாட்டில் ஆடியது. ஸ்பிரிங்கும் நீண்டு தளர்ந்திருந்தது. அதாவது காந்தம் சுவிட்சுக்கு நேர் எதிரே நிற்காமல் எல்லையிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. பள்ளத்தில் ஸ்டாண்டு ஒரு குதி குதித்தால் போதும். காந்தத்தின் முகத்திலோ செயினுக்குப் போடும் எண்ணெயும் மண்ணும் இரும்புத் தூளும் சேர்ந்து தாடி மாதிரி ஒட்டியிருந்தது. பழைய சுவிட்ச் பழுதுதான். ஆனால் அதை மட்டும் மாற்றி அனுப்பியிருந்தால் இவர் திரும்ப வந்திருப்பார். அடுத்தவர், "புதுச் சுவிட்ச் போட்டும் நிற்கிறது, அப்படியானால் சுவிட்ச் காரணமில்லை" என்று தப்பான பாதையில் போயிருப்பார்.

செய்தவை: புதுச் சுவிட்ச், புதுப் பிவட் போல்டு, புது ஸ்பிரிங். காந்தத்தைத் துணியால் துடைத்தோம். பிவட்டில் கிரீஸ் வைத்தோம், சுவிட்சின் முகத்தில் படாமல். வயரை ஃபிரேமோடு டை போட்டுக் கட்டும்போது கொஞ்சம் தொய்வு விட்டோம், இழுவை டப்பியின் மேல் விழாமல் இருக்க. மூன்று சாமானும் சேர்ந்து ஃப்யூயல் பம்பின் விலைக்குப் பக்கத்தில்கூட வரவில்லை. அதன் பின் அதே மலைப்பாதையில் அவர் தொடர்ந்து போய் வருகிறார், வெட்டும் இல்லை, நிற்பதும் இல்லை.

வயரை இணைத்து விட்டுவிடலாமே?

வண்டிக்காரர் கேட்ட கேள்வி இது. "அண்ணே, அந்தச் சின்ன வயரைப் போட்டப்போதான் நல்லா ஓடுச்சே, அப்படியே விட்ரலாமா?" பல இடங்களில் இப்படியே விட்டு அனுப்புகிறார்கள், செலவும் இல்லை. நான் மறுத்தேன். அதிகாலை இருட்டில், மழைக்கோட்டோடு, அவசரமாகக் கிளம்புகிறவர் இவர். ஸ்டாண்டை எடுக்க மறக்கும் ஒரு நாள் எல்லோருக்கும் வரும். அந்த நாளில் முதல் இடது வளைவில் அவருக்கு ஒரு பக்கம் மலை, மறு பக்கம் பள்ளம். சோதனைக்குச் சேர்த்த வயரை சோதனை முடிந்ததும் எடுத்துவிடுவது எங்கள் பட்டறையில் கட்டாயம். அதை எடுத்து வண்டிக்காரர் கையிலேயே கொடுத்துவிடுவோம், உள்ளே எங்கும் விட்டுவிடவில்லை என்று அவருக்கும் தெரிய வேண்டும்.

வழியில் இப்படி மாட்டிக்கொண்டவருக்கு: வண்டியை ஓரமாக ஒதுக்கி நியூட்ரலுக்குக் கொண்டுவந்து ஸ்டார்ட் செய்து பாருங்கள். நியூட்ரலில் ஓடி, ஸ்டாண்டு மேலே இருக்கும்போதே கியர் விழுந்ததும் அணைந்தால் சந்தேகம் ஸ்டாண்டு பக்கம்தான். இஞ்சினை அணைத்துவிட்டு, ஸ்டாண்டின் தலையில் ஒட்டியிருக்கும் மண்ணையும் கசட்டையும் துணியால் துடைத்து, தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். ஸ்டாண்டைச் சில தடவை முழுவதுமாக இறக்கி ஏற்றுங்கள். காந்தமோ, சில வண்டிகளில் அதற்குப் பதிலாக இருக்கும் பிளஞ்சரோ (அழுத்தினால் உள்ளே போகும் முனை) மண் அடைத்து நின்றிருந்தால் பெரும்பாலும் இதிலேயே வழிக்கு வந்துவிடும், பட்டறை வரை போய்ச் சேரலாம். ஸ்டாண்டு கீழே தொங்குவதுபோல் இருந்தால் ஒரு கயிறோ ரப்பரோ வைத்து மேலே இழுத்துக் கட்டிக்கொண்டு போங்கள். வளைவுகளில் அதுவரை கிளட்சை முழுக்கப் பிடித்து உருள விடாதீர்கள். முன்கூட்டியே கியரை இறக்கி, கிளட்சை விட்டு, இஞ்சின் சக்கரத்தோடு சேர்ந்தே சுற்றும்படி திருப்புங்கள். சுவிட்ச் ஒரு கணம் விட்டாலும் இஞ்சின் திரும்பப் பற்றிக்கொள்ளும்.